பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலை ரத்து செய்யும்போது தண்டனை யாருக்குப் போகிறது?

பாலாற்றங்கரை

2019 ஏப்ரல் 18 அன்று ஆம்பூர், குடியாத்தம் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளின் மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்று இடைத்தேர்தலில் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அவர்கள் வாக்களித்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள்களுக்கு முன்பு, பெருந்தொகையான பணம் கைப்பற்றப்பட்டதைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் அனுப்பிய பரிந்துரையை ஏற்று, வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்திருந்தார். ஒரே மனிதர் ஒரே காலையில் ஒரு வாக்குக்குத் தகுதியானவராகவும், இன்னொரு வாக்குக்குப் பணத்தால் கெட்டுப்போனவராகவும் கருதப்பட்டார். நான் அந்தப் பகுதியைச் சேர்ந்தவன். அன்று எழுந்த கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகஸ்ட் 5 அன்று மறுபடியும் வாக்குப்பதிவு நடந்தது. முதன்மைக் கட்சிகளின் சார்பில் ஏப்ரலில் நின்றவர்களே ஆகஸ்டிலும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எட்டாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இதற்கு முன்னும் இதுவே நடந்தது. 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் வாக்குப்பதிவு இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் ரத்து செய்யப்பட்டு, நவம்பர் 19 அன்று நடந்தது. 2017 ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருந்தபோது ரத்தாகி, டிசம்பர் 21 அன்று நடந்தது. முதலமைச்சராக இருந்தவர் 2016 டிசம்பரில் மறைந்ததால் காலியான தொகுதி, ஓராண்டுக்கு மேல் சட்டமன்றத்தில் தனக்கென ஒரு குரல் இல்லாமல் இருந்தது. அங்கும் முன்னணியில் நின்றவர்கள் பழைய முகங்களே.

தேர்தலை ரத்து செய்வதால் பரப்புரையில் நடந்த குற்றத்துக்கு வாக்காளரே தண்டனை பெறுகிறார் என்பதும், பணம் கொடுத்தவருக்குச் சில மாதக் கால அவகாசத்தைத் தவிர வேறெந்த இழப்பும் இல்லை என்பதும் என் நிலைப்பாடு. பரப்புரை அறத்தைப் பற்றிப் பேசும் பலரும் “மக்கள் வாங்குவதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கொடுப்பவரிடமிருந்து தொடங்கினால் என்ன தெரியவரும் என்பதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

கரும்பலகை

தேர்தல் பணியில் பல முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், வாக்காளரை முழுவதுமாக விடுவித்துவிட வேண்டாம் என்று பாலாற்றங்கரை அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான். அது ஒருபுறம் இருக்க, வாங்கிய பணம் வாங்கியவரின் மனத்தில் என்ன செய்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

“வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விருப்பப்படி வாக்களியுங்கள்” என்று மேடையிலேயே சொன்ன தலைவர்கள் உண்டு. அந்த அறிவுரை நம் ஊர் மனிதர்களின் இயல்பை அறியாதது. கிராமங்களில் பணம் தருகிறவர் வெறும் கையோடு வருவதில்லை. குலதெய்வத்தின் பெயராலோ பிள்ளைகளின் தலைமேல் அடித்தோ சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தருகிறார். சத்தியத்தை மீறத் துணிகிறவர் எளிதில் தப்பிவிடுவார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கும் நேர்மையானவர்தான் மாட்டிக்கொள்கிறார். அதாவது இந்த முறை நம்மிடையே உள்ள மிக நல்ல மனிதர்களின் நல்ல குணத்தையே கருவியாக்கிக்கொள்கிறது. வாக்குச்சாவடிக்கு வெளியே ஒரு முதியவள் என்னிடம், “சத்தியம் பண்ணிட்டேன் சார், இனிமே மாத்திப் போட்டா பேரனுக்கு ஆகாது” என்று சொன்னாள். அவளுக்கு ரகசிய வாக்குரிமை இருந்தும் பயனில்லை.

ஆகவே வாக்காளரிடம் பேசுவதை நிறுத்தக் கூடாது. வஞ்சகத்தால் வாங்கப்பட்ட சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதை ஊர்ப் பெரியவர்களும் கோவில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்தவர்களும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்கும் பரப்புரை அறத்தில் அது முதல் பாதி.

சட்டப்பக்கம்

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் விவாதம் சுலபமாகும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 123(1) பிரிவின்படி லஞ்சம் ஓர் ஊழல் நடவடிக்கை. வேட்பாளரோ அவரது முகவரோ, வேட்பாளரின் சம்மதத்துடன் வேறொருவரோ செய்தது நிரூபிக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்று அறிவிக்கலாம். இதன்றி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 171இ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவும், தேர்தல் லஞ்சத்துக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கின்றன. இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(1) பிரிவின்படி ஆறு ஆண்டுகள் தேர்தலில் போட்டியிட முடியாது. எனவே கொடுப்பவருக்குத் தடை விதிக்கும் சட்டம் ஏட்டில் இருக்கிறது.

அது ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? 171இ காவல்துறை தானாக விசாரிக்க இயலாத, நடுவரின் அனுமதி தேவைப்படும், பிணையில் விடக்கூடிய குற்றமாகவே வகுக்கப்பட்டது. ஓராண்டுச் சிறைக்கு மேற்படாத குற்றம் என்பதால் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க வேண்டிய கால வரம்பும் பொதுவாக ஓராண்டுதான். அதிகாலையில் ஒரு தெருவில் ஒரு கிளைப் பொறுப்பாளர் கொடுத்த பணத்தை மேலே உள்ள வேட்பாளரோடு இணைத்துக் காட்டும் சாட்சியம், அந்த வேட்பாளர் அமைச்சராகவோ உறுப்பினராகவோ ஆன பிறகு, அந்தக் காலத்துக்குள் திரள்வது மிக அரிது.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்திவைக்கத் தேர்தல் ஆணையத்துக்கு அதே சட்டத்தின் 58ஏ பிரிவு வெளிப்படையான அதிகாரம் தருகிறது. அது 1989-இல் சேர்க்கப்பட்டது. பணபலத்துக்கும் அதேபோல 58பி என்ற பிரிவைச் சேர்க்கும்படி அரவக்குறிச்சி, தஞ்சாவூர் நிகழ்வுகளுக்குப் பின் ஆணையம் கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஆகவே இன்றும் ஆணையம் அரசமைப்பின் 324-ஆவது உறுப்பு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டே ரத்து செய்கிறது. அந்த அதிகாரத்தால் தேர்தலை நிறுத்த முடியுமே தவிர, ஒருவரைப் போட்டியிலிருந்து விலக்க முடியாது. பாலாற்றங்கரை சொன்ன அநீதி, ஆணையத்தின் அலட்சியத்தைவிட இந்தக் குறையிலிருந்தே அதிகம் பிறக்கிறது.

கிளைத்தொண்டன்

நான் ஒரு பெரிய கட்சியின் கிளை அளவில் நெடுங்காலம் வேலை செய்தவன். கட்சியின் பெயர் வேண்டாம். இதில் வேறுபாடு இல்லை.

பணம் எப்படி நகர்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரிவதில்லை. வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, யார் வெளியூரில், யார் உறுதியாக எதிரணி, யார் ஊசலாடுகிறார் என்று பட்டியலில் குறிப்போம். பரப்புரையின் உண்மையான வேலை இதுதான். கொள்கையை விளக்கி ஊசலாடுகிறவரை நம் பக்கம் கொண்டுவர வேண்டும் என்றுதான் எங்களுக்கு முன்பு கற்றுக்கொடுத்தார்கள். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் பெரும் பேச்சாகி, வாக்குக்குப் பணம் பிரிக்கும் முறைக்குத் “திருமங்கலம் ஃபார்முலா” என்றே ஒரு பெயர் வழங்கத் தொடங்கிய பிறகு, அதே பட்டியல் பணம் பிரிப்பதற்கான கணக்கேடாக மாறியது. ஒரு தொண்டன் ஐந்தாண்டு காலம் தெருவில் செய்த வேலைக்கு, கடைசி இரண்டு இரவுகளில் வரும் உறையின் கனம் மட்டுமே மதிப்பாயிற்று.

இதில் தொண்டனுக்கு நேர்வது யாரும் பேசாத ஒன்று. பணம் வராத தெருவில் அவன்தான் திட்டு வாங்குகிறான். “உனக்கு வந்ததை நீயே எடுத்துக்கொண்டாய்” என்று அண்டை வீட்டார் சந்தேகப்படுகிறார்கள். சில இடங்களில் அந்தச் சந்தேகம் உண்மையாகவும் இருக்கிறது. எதிரணி கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன், கொடுக்க வேண்டாம் என்று நினைக்கும் வேட்பாளர்கூட மனம் மாறுகிறார். தான் மட்டும் நேர்மையாக இருந்து தோற்றால் அடுத்த முறை தலைமை தனக்கு வாய்ப்புத் தராது என்று அவருக்குத் தெரியும். இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒழிய ஒருவர் நிறுத்த மாட்டார் என்ற நிலையில், வெளியிலிருந்து இருவரையும் ஒருசேரப் பிடிக்கும் ஏற்பாடு தேவை என்பதற்காகச் சொல்கிறேன்.

மருதாணி

மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் இருக்கிறேன். வேட்பாளர் வரும்போது ஆரத்தி எடுக்க எங்களை வரிசையில் நிற்கச் சொல்வார்கள். தட்டில் விழும் பணம் அன்பளிப்பு என்று பேசப்படும். வரவேற்பு என்ற பெயரில் நடக்கும் அந்தப் பணப்பரிமாற்றமும் வேட்பாளரின் செலவுக் கணக்கில் வர வேண்டியதே. கிளைத்தொண்டன் சகோதரர் தொண்டனின் அவமானத்தைச் சொன்னார். தட்டோடு வெயிலில் நிற்கும் பெண்ணின் அவமானமும் அதே அளவு பெரியது. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்கலாம் என்று நான்கு பேர் நினைத்திருப்போம். தட்டில் நோட்டு விழுந்த பிறகு கேள்வி கேட்கும் வாய் அடைத்துக்கொள்கிறது. பணம் வாக்கை வாங்குகிறதோ இல்லையோ, கேள்வியை நிச்சயமாக வாங்கிவிடுகிறது.

ஈரோடு கிழக்கில் 2023 பிப்ரவரி இடைத்தேர்தலின்போது, எதிரணியின் பரப்புரை காதில் விழாதபடி வாக்காளர்களைப் பந்தல்களில் உட்காரவைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததை எல்லோரும் படித்திருப்போம். அது எந்த அளவு உண்மை என்பதில் கட்சிகள் மாறுபடுகின்றன. ஆனால் அப்படிச் செய்வது சாத்தியம் என்று எல்லோரும் உடனே நம்பினார்கள் என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது.

மஞ்சள்மண்டி

ஈரோட்டில் வணிகம் செய்கிறேன். பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுசெல்லும் பணத்தைப் பிடிக்கின்றன. ஜவுளிச் சந்தைக்கு வரும் வெளிமாநில வியாபாரிகளும் மாடு விற்றுவிட்டுத் திரும்பும் விவசாயிகளும் தேர்தல் காலம் முழுவதும் அஞ்சி அஞ்சி நடமாடுகிறார்கள். உரிய சான்று காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. அதற்காக அலையும் நாள்களுக்கு யாரும் ஈடு தருவதில்லை. பெரிய தொகைகள் அறிவிப்புக்கு முன்பே ஊருக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன என்று கிளைத்தொண்டன் போன்றவர்களே சொல்வார்கள் என நினைக்கிறேன். இங்கும் சுமை கொடுப்பவர்மேல் விழவில்லை.

நெல்மணி

எல்லோரும் வாக்குக்குக் கொடுக்கும் ரொக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தேர்தல் அறிக்கையில் வண்ணத் தொலைக்காட்சி தருவேன், மிக்சி தருவேன் என்று சொல்வதும் லஞ்சம்தானே? பொதுப் பணத்தில் கொடுத்தால் அறம், சொந்தப் பணத்தில் கொடுத்தால் குற்றம் என்பது எனக்குப் புரியவில்லை.

பாலாற்றங்கரை

நெல்மணி அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று உறுதியாக நினைக்கிறேன். தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி ஊரறியச் சொல்லப்படுகிறது. எதிரணி அதைக் குறைகூறலாம், பத்திரிகைகள் கணக்குப் போடலாம், நிறைவேற்றாவிட்டால் அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கலாம். வென்றபின் அது சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கீடாக வந்து, வாக்களித்தவர், வாக்களிக்காதவர் என்ற பாகுபாடின்றித் தகுதியுள்ள அனைவருக்கும் போய்ச் சேர வேண்டும். இரவில் கதவைத் தட்டிக் கொடுக்கும் உறைக்கு இந்த ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி விவாதிக்க முடியாது. கொடுத்தவரே கொடுக்கவில்லை என்பார்.

2006 தேர்தலின் தொலைக்காட்சி வாக்குறுதியை ஒட்டி எழுந்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் 123-ஆம் பிரிவின் ஊழல் நடவடிக்கை ஆகா என்றே சொன்னது. அதே தீர்ப்பு, இத்தகைய இலவசங்கள் நேர்மையான தேர்தலின் அடித்தளத்தைப் பெருமளவு அசைக்கின்றன என்றும் சொல்லி, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி ஆணையத்தைப் பணித்தது; அதன்படி நடத்தை விதிகளில் தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. அந்தக் கேள்வி பின்னர் பெரிய அமர்வுக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. நிதி எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் வாக்குறுதி தருவது தவறு என்பதில் நெல்மணியோடு உடன்படுகிறேன். ஆனால் அதை உறையோடு சேர்த்து ஒரே பெயரால் அழைத்தால், ஏழைக்கு அரசு செய்யும் எதுவுமே லஞ்சம் என்ற இடத்துக்கு வந்து சேர்வோம். பள்ளி மாணவிக்கு மிதிவண்டி கொடுத்ததையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

கரும்பலகை ஐயாவுக்கு ஒன்று: சத்தியத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தபின் என் நிலைப்பாடு இன்னும் இறுகுகிறது. அந்த முதியவளின் மனசாட்சியைப் பிணையாகப் பிடித்தவர் யார் என்பதை விட்டுவிட்டு அவளுக்கு நாம் பாடம் நடத்த முடியாது.

கரும்பலகை

ஏற்கிறேன். எனினும் அவளுக்குப் பாடம் நடத்தச் சொல்லவில்லை; அவளை விடுவிக்கும் சொல்லை யாராவது சொல்ல வேண்டும் என்றேன். சட்டம் கொடுப்பவரைப் பிடிக்கப் பத்தாண்டு ஆகலாம். அந்தச் சொல்லை நாளையே சொல்லலாம்.

ஒற்றைச்சின்னம்

2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று, பதிவான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாததால் பத்தாயிரம் ரூபாய் டெபாசிட்டை இழந்தவன் நான். இழந்ததைப் பற்றிக் குறையில்லை. பரப்புரையின் அறம் யாரை முதலில் காயப்படுத்துகிறது என்று கேட்டால், கொடுக்காமல் நிற்பவரை என்பேன்.

அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 30.8 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு அது 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. நான் ஆட்டோவுக்கும் ஒலிபெருக்கிக்கும் துண்டறிக்கைக்கும் செய்த செலவை ரசீதோடு எழுதிச் செலவினப் பார்வையாளரிடம் காட்டினேன். துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்ற 127ஏ பிரிவைக்கூடத் தவறவிடவில்லை. அதே தொகுதியில் தெருத்தெருவாக மேடையும் அலங்கார விளக்கும் வைத்த வேட்பாளர்கள் தாக்கல் செய்த கணக்கும் வரம்புக்கு மிகவும் உள்ளேயே இருந்தது.

அது எப்படி முடிகிறது என்றால், வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை. கட்சி பொதுவாகத் தனக்காகச் செய்யும் பரப்புரையும், நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளரின் கணக்கில் சேராது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பின் பயனை இல்லாமல் செய்தார்கள். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால் நன்கொடையாளர் யார் என்பது ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது. கட்சி அதை எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு இன்னும் எல்லையில்லை. எல்லையற்ற பெட்டி ஒன்று பக்கத்திலேயே திறந்திருக்கும்போது வேட்பாளரின் சின்னப் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதால் யாருக்கு என்ன பயன்? கிளைத்தொண்டன் கேட்ட, இருவரையும் ஒருசேரப் பிடிக்கும் ஏற்பாடு கட்சிச் செலவுக்கான வரம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

கிளைத்தொண்டன்

ஒற்றைச்சின்னம் தோழர் சொல்வது சரி, ஆனால் பாதி மட்டுமே. உறையில் வரும் பணம் எந்தக் கட்சிக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஒப்பந்தங்களிலும் மணல், கல் குவாரிகளிலும் சேரும் கறுப்புப் பணம் அது. கட்சிச் செலவுக்கு வரம்பு விதித்தால் மேடையும் விளக்கும் குறையும், உறை குறையாது. உறை குறைய வேண்டுமானால், ரத்தான தேர்தலில் யாருக்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்று ஆணையம் விசாரித்து முதல்நோக்கில் உறுதிசெய்கிறதோ, அந்தக் கட்சி அந்த மறுதேர்தலில் அதே வேட்பாளரை நிறுத்த முடியாது என்ற விதி வர வேண்டும். என் அனுபவத்தில் தலைமை அஞ்சுவது அபராதத்துக்கு அல்ல. வேட்பாளரை மாற்ற நேர்ந்தால் உள்ளூரில் எழும் பிளவுக்குத்தான் அது அஞ்சும்.

சட்டப்பக்கம்

இந்த யோசனை கவர்கிறது. ஒரு தடை இருக்கிறது. தண்டனை பெறாத ஒருவரை முதல்நோக்கு முடிவைக் கொண்டு விலக்கினால், எதிரணி தானே பணத்தைப் பிரித்துவிட்டு இவர்பேரில் பழியைப் போடும் சூழ்ச்சிக்கு வழி திறக்கும். ராதாகிருஷ்ணன் நகரில் இருபது ரூபாய் நோட்டை அடையாளமாகக் கொடுத்துப் பின்னர் பணம் தருவதாகச் சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டைப் போன்றவற்றில், யாருக்காக யார் கொடுத்தார் என்பதைச் சில நாள்களில் முடிவுசெய்ய இயலாது. ஆகவே விலக்கும் அதிகாரத்தை ஆணையத்திடம் தராமல், உயர் நீதிமன்றத்தின் தனி அமர்வு ஒன்றிடம், மறுதேர்தலுக்கு முன் முடிக்க வேண்டும் என்ற காலவரையறையோடு தரலாம். தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 86(7) பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அது பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை என்பதால், இங்கே முடியாவிட்டால் மறுதேர்தல் அறிவிப்பே வராது என்ற கட்டாயம் சேர வேண்டியிருக்கும்.

பாலாற்றங்கரை

அப்படியானால் தொகுதி இன்னும் நீண்ட காலம் உறுப்பினர் இன்றிக் கிடக்குமே, ஐயா. மீண்டும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

சட்டப்பக்கம்

விழும். அந்த இடத்தில் தங்களுக்குத் தர என்னிடம் முழு விடை இல்லை. மூன்று மாதம் என்று வரம்பு வைத்து, அதற்குள் முடியாவிட்டால் தேர்தலை நடத்திவிட்டு வழக்கின் முடிவுக்கு வெற்றியைக் கட்டுப்படுத்தலாம் என்பது என்னால் எட்ட முடிந்த தூரம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. முடிவு வெளியான 30 நாள்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தர வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன் 88-ஆவது விதிப்படி ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்வையிடலாம். வெற்றியை எதிர்த்து மனுச் செய்யும் உரிமை, தோற்ற வேட்பாளரோடு அந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் உண்டு. அதற்கு 45 நாள். கணக்கு வரும் நாளுக்கும் மனுவின் கடைசி நாளுக்கும் இடையில் இரண்டு வாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வொரு ஊர்வலத்தையும் தேதியோடு படமெடுத்து வைத்திருக்கும் இளைஞர்கள் எல்லாத் தொகுதியிலும் இருக்கிறார்கள். அந்தப் படங்களைக் கணக்கோடு ஒப்பிட்டு, விடுபட்ட செலவைப் பட்டியலிடலாம். உறையை அது பிடிக்காது என்பதைக் கிளைத்தொண்டன் சரியாகவே சொன்னார். மேடையையும் விளக்கையும் பிடிக்கும். ஒற்றைச்சின்னம் அவர்களிடம் தம் தொகுதியின் கணக்குப் பிரதிகள் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒற்றைச்சின்னம்

என்னுடையதும் மற்ற மூவருடையதும் இருக்கின்றன. கூட்டங்களின் படங்களும் தேதிவாரியாக இருக்கின்றன. 2021-க்கான மனுக் காலம் முடிந்துவிட்டது என்றாலும், எப்படி ஒப்பிடுவது என்பதற்கு ஒரு மாதிரியாகப் பயன்படும். எந்த வடிவில் பட்டியலிட வேண்டும் என்று சொன்னால், முதலில் மேடை, ஒலிபெருக்கி, வாகனம் ஆகிய மூன்று தலைப்புகளில் தொகுத்துத் தருகிறேன். மருதாணி அம்மையார் தம் பகுதியில் எடுத்த ஆரத்தி நிகழ்வுகளின் படங்கள் இருந்தால் அதை நான்காவது தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.